ஜெயிலுக்குப் பதிலா ட்ரீட்மென்ட்டுன்னு கோர்ட் சொன்னா, அந்தப் பொண்ணுக்கு நிஜமா என்ன நடக்குது?

சட்டம் படிக்கிற ஒருத்தங்க கேட்டிருக்காங்க, இங்கிலாந்துல தப்பு பண்ணின பொம்பளைங்களை ஜெயில்ல போடாம கவுன்சிலிங், ட்ரீட்மென்ட்டுன்னு சொல்லி வீட்டுக்கே அனுப்பிடுறாங்களாமே, இது தண்டனையா சலுகையா, ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயமா, இதெல்லாம் வேலை செய்யுதா, நம்ம ஊர்ல கொண்டு வர முடியுமான்னு. நாலு கேள்வியா இருந்தாலும் அடியில இருக்கிறது ஒண்ணுதான்னு நான் புரிஞ்சுக்கிறேன். ஒருத்தருக்கு வைத்தியம் பார்க்கிறதை கோர்ட் தண்டனையா விதிக்கலாமா, விதிச்சா அது யாருக்கு நல்லது, யாருக்கு கெட்டதா முடியும். அதுக்குதான் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் மதுரைல எம்எஸ்டபிள்யூ முடிச்சிட்டு இங்க வந்து 17 வருஷமா ப்ரொபேஷன்ல, அதாவது நன்னடத்தைக் கண்காணிப்புத் துறைல இருக்கேன், அதுல பாதிக்கு மேல பெண்கள் கேஸ்தான். தண்டனை சொல்றதுக்கு முன்னாடி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறது, தண்டனை வந்ததுக்கப்புறம் அவங்களை வாரா வாரம் பார்க்கிறது, வராம போனா திரும்ப கோர்ட் முன்னாடி நிறுத்துறது, இதுதான் வேலை. நான் வக்கீலும் இல்ல டாக்டரும் இல்ல, அதனால சட்ட நுணுக்கத்துக்கு உங்க ப்ரொபசரை கேளுங்க, நடைமுறைக்கு என்னை நம்பலாம். கீழ சொல்ற ஆட்களோட விவரத்தை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு தப்பான புரிதலை சரி பண்ணிடுறேன். இது பெண்களுக்குன்னு தனியா எழுதின சட்டம் கிடையாது. 2003 கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டத்துல கம்யூனிட்டி ஆர்டர்னு, ஜெயிலுக்குப் போகாம வெளிய இருந்தே அனுபவிக்கிற ஒரு தண்டனை வந்துச்சு, இப்ப அது 2020 சென்டென்சிங் சட்டத்துக்குள்ள இருக்கு, அதிகபட்சம் 3 வருஷம். அந்த ஆர்டருக்குள்ள கோர்ட் நிபந்தனைகளை ஒவ்வொண்ணா சேர்க்கும், சம்பளம் இல்லாத வேலை, ராத்திரி வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு கால்ல எலக்ட்ரானிக் டேக் மாட்டுறது இப்படி. அதுல மூணு நிபந்தனை ட்ரீட்மென்ட் சம்பந்தப்பட்டது: மனநலத்துக்கு ஒண்ணு, போதை மருந்துக்கு ஒண்ணு, குடிக்கு ஒண்ணு. ஜெயில் தண்டனையை விதிச்சு அதை நிறுத்தி வைக்கிறாங்களே, சஸ்பெண்டட் சென்டென்ஸ், அதுலயும் இதே நிபந்தனைகளைப் போடலாம். ஆம்பளைக்கும் இதே சட்டம்தான், எண்ணிக்கையில பார்த்தா இந்த ட்ரீட்மென்ட் ஆர்டர்ல இருக்கிறவங்கள்ல ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. இன்னொண்ணு, 2013ல வந்த ஒரு சட்டத்துக்கப்புறம் கம்யூனிட்டி ஆர்டர்ல ஏதாவது ஒரு நிபந்தனையாவது தண்டிக்கிறதுக்குன்னே இருக்கணும், இல்லன்னா அபராதம் கூட சேரணும், ரொம்ப விதிவிலக்கான நிலைமைல மட்டும்தான் அதை விடலாம். அதனால "கவுன்சிலிங் மட்டும் போயிட்டு வா"ன்னு கோர்ட் சொல்லி அனுப்புறதுங்கறது அபூர்வம்.

மனநல ட்ரீட்மென்ட் நிபந்தனை போடணும்னா கோர்ட் மூணு விஷயத்துல திருப்தி ஆகணும். அவங்களுக்கு இருக்கிற பிரச்சனை ட்ரீட்மென்ட்டுக்கு கட்டுப்படக்கூடியதா இருக்கணும், ஆனா ஆஸ்பத்திரில அடைச்சு வைக்கிற அளவுக்கு முத்தினதா இருக்கக்கூடாது. ட்ரீட்மென்ட் கொடுக்க ஏற்பாடு ஆகியிருக்கணும். அவங்களுக்கு சம்மதம் இருக்கணும். குடிக்கும் போதைக்கும் ஏறக்குறைய இதே மாதிரிதான். இதுல ரெண்டாவதா சொன்னேன் பாருங்க, "ஏற்பாடு ஆகியிருக்கணும்"னு, அந்த ஒரு வரியிலதான் பல பேரோட தலையெழுத்து தொங்குது, அதுக்கு அப்புறம் வர்றேன்.

அப்ப ஏன் எல்லாரும் இதை பெண்களோட சேர்த்துப் பேசுறாங்கன்னா, ஜெயில் பெண்களை தாக்குற விதம் வேற. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து ஜெயில்ல இருக்கிறவங்க சுமார் 87,000 பேர், அதுல பெண்கள் 3,500 சொச்சம்தான், நூத்துக்கு நாலு. இந்தியாவுலயும் ஏறக்குறைய இதே நூத்துக்கு நாலுதான். ஆட்கள் கம்மியா இருக்கிறதால பெண்கள் ஜெயிலும் கம்மி, இங்கிலாந்து முழுக்க 12, வேல்ஸ்ல ஒண்ணு கூட கிடையாது, கார்டிஃப்ல தண்டனை வாங்கின பொண்ணு எல்லை தாண்டி க்ளாஸ்டர்ஷயர்ல இருக்கிற ஈஸ்ட்வுட் பார்க்குக்குப் போகணும். புள்ளைங்க வந்து பார்க்கிறதுன்னா பஸ், ட்ரெயின்னு ஒரு நாள் பொழப்பு. உள்ள போறவங்கள்ல பாதிக்கு மேல 6 மாசமோ அதுக்கு கீழயோதான் தண்டனை வாங்குறாங்க, கடைத் திருட்டு மாதிரி கேஸ்தான் ஜாஸ்தி. ஜெயில்ல எடுத்த கணக்குல பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சின்ன வயசுல அடி, பாலியல் கொடுமை இப்படி ஏதாவது அனுபவிச்சதா சொல்லியிருக்காங்க. தன்னைத்தானே அறுத்துக்கிறது, கழுத்தை இறுக்கிக்கிறது எல்லாம் ஆண்கள் ஜெயிலை விட பெண்கள் ஜெயில்ல பல மடங்கு. அப்பா ஜெயிலுக்குப் போனா பெரும்பாலும் அம்மா புள்ளைங்களை வச்சு ஓட்டிடுவாங்க. அம்மா போனா வீடே கலைஞ்சு போகுது, அந்தப் புள்ளைங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேர்தான் அதே வீட்டுல தொடர்ந்து இருக்காங்கன்னு 2007ல வந்த கார்ஸ்டன் அறிக்கை சொல்லுச்சு.

அந்த அறிக்கை வந்த கதை தெரிஞ்சா விஷயம் இன்னும் புரியும். செஷயர்ல ஸ்டைல்னு ஒரு பெண்கள் ஜெயில். 2002 ஆகஸ்ட்ல இருந்து 2003 ஆகஸ்ட்டுக்குள்ள, ஒரே வருஷத்துல, அங்க ஆறு பெண்கள் செத்துப் போனாங்க. அதுல ஒருத்தி சாரா கேம்பெல், வயசு 18, மூணு வருஷ தண்டனை வாங்கி உள்ள போன மறுநாளே போயிட்டா. அவளோட அம்மா பாலின் கேம்பெல், அதுக்கப்புறம் நாட்டுல எந்த ஜெயில்ல ஒரு பொண்ணு செத்தாலும் அந்த ஜெயில் வாசலுக்குப் போய் நிப்பாங்க, கைதிகளை ஏத்திட்டு வர்ற வேனை மறிச்சு, "இவங்களைப் பத்திரமா பார்த்துக்க முடியாத இடத்துக்கு ஏன் கொண்டு வர்றீங்க"ங்கற மாதிரி கேப்பாங்க, போலீஸ் பலதடவை கைது பண்ணியிருக்கு. 2008ல அந்த அம்மாவும் மகளோட கல்லறைக்குப் பக்கத்துலயே இறந்து கிடந்தாங்க. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல எங்க டீம்ல இருந்த சீனியர் ஒருத்தங்க இதை சொல்லித்தான் எனக்கு வேலையே கத்துக்கொடுத்தாங்க. ஸ்டைல் சாவுகளுக்கப்புறம்தான் அரசாங்கம் ஜீன் கார்ஸ்டன்ங்கற அம்மாகிட்ட ஆய்வு பண்ணச் சொல்லுச்சு, 43 பரிந்துரை கொடுத்தாங்க. அதோட சாரம், ஆபத்தில்லாத பெண்களை ஜெயிலுக்கு அனுப்பாதீங்க, அவங்க ஊர்லயே பெண்களுக்குன்னு மையம் வச்சு, வீடு கடன் புருஷன் போதை மனசு எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ பாருங்கங்கறதுதான்.

சரி, கோர்ட்ல எப்படி நடக்குதுன்னு ஒரு காலைப் பொழுதை சொல்றேன். மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு, வயசு 34, மடியில ஒரு கட்டம் போட்ட பெரிய பை. திறந்து காட்டினா, ரெண்டு நைட் டிரெஸ், இன்ஹேலர், ஸ்கூல்ல எடுத்த ரெண்டு புள்ளைங்க போட்டோ, ஒரு புது டூத் பிரஷ். ஜெயிலுக்குன்னு கட்டிட்டு வந்தது. மூணே காலுக்கு ஸ்கூல் விடும்போது புள்ளைங்களை கூட்டிக்க பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கா, ஆனா எத்தனை நாளைக்குன்னு சொல்லல, ஏன்னா அவளுக்கே தெரியாது. கேஸ் கடைத் திருட்டு, கறி, சீஸ், ஷேவிங் பிளேடு, எல்லாம் பப்ல வித்தா உடனே காசாகிற சாமான். நாப்பது தடவைக்கு மேல பழைய தண்டனை. திருடுறது அவளோட ஹெராயினுக்கு மட்டும் இல்ல, கூட இருக்கிறவனோட ஹெராயினுக்கும் சேர்த்து, காசு கொண்டு வரலைன்னா அடி. இதை அவ எந்த வக்கீல்கிட்டயும் சொன்னதில்ல, யாரும் கேட்டதில்ல. அன்னிக்கு கோர்ட்ல மனநல நர்ஸ் ஒருத்தங்க இருந்தாங்க, ஒரு சின்ன ரூம்ல இருபது நிமிஷம் உக்காந்து கேள்வி கேட்டாங்க, பிரச்சனை இருக்குன்னு தெரிஞ்சதும் சைக்காலஜிஸ்ட்டுக்கு போன் போட்டாங்க, மதியத்துக்குள்ள "எடுத்துக்கிறோம்"னு பதில் வந்துச்சு. நான் ரிப்போர்ட்டை எழுந்து நின்னு வாயாலயே சொன்னேன். 18 மாசம் ஆர்டர், போதைக்கும் மனசுக்கும் ட்ரீட்மென்ட், கூட ராத்திரி டேக். பை பிரிக்காமயே வீட்டுக்குப் போச்சு.

இதுக்கப்புறம்தான் கஷ்டமே ஆரம்பம். மெதடோன்னு ஒரு பச்சை திரவம், ஹெராயினுக்குப் பதிலா கொடுக்கிறது, முதல்ல தினமும் மருந்துக்கடைக்குப் போய் கவுன்ட்டர் முன்னாடி அவங்க பார்க்க குடிக்கணும். வாரத்துல மூத்திர டெஸ்ட். மனநல ட்ரீட்மென்ட் பெரும்பாலும் பத்து பன்னெண்டு அமர்வு, தனியா ஒரு ஆளோட, கோபம் வர்றப்ப உடம்புல என்ன நடக்குது, தூக்கம் ஏன் வரல, பழைய விஷயம் திடீர்னு கண்ணு முன்னாடி வந்தா என்ன பண்றது, இப்படி. அங்க என்ன பேசினாங்கன்னு எனக்கு வராது, வந்தாங்களா இல்லையான்னு மட்டும்தான் வரும், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவாங்க. இது முக்கியம், இல்லன்னா யாரும் வாயே திறக்கமாட்டாங்க. இது தவிர என்னை வந்து பார்க்கணும். சரியான காரணம் இல்லாம ஒரு தடவை வரலைன்னா எச்சரிக்கைக் கடிதம், 12 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவைன்னா கேஸ் திரும்ப கோர்ட்டுக்குப் போகும். எட்டு வார தண்டனைன்னா அதிகபட்சம் நாலு வாரத்துல வெளிய வந்துடலாம், படுத்துத் தூங்கிட்டு வந்துடலாம், இந்த ஆர்டர் ஒண்ணரை வருஷம். "அக்கா, ஜெயிலே தேவலை"ன்னு என்கிட்டயே சொன்னவங்க உண்டு, அக்கான்னு சொல்லமாட்டாங்க, பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, ஆனா அந்தத் தொனிதான். அதனால சலுகையான்னு கேட்டீங்கன்னா, அனுபவிக்கிறவங்களுக்கு அப்படித் தெரியல.

தமிழ் பேசுறவங்களும் என்கிட்ட வந்திருக்காங்க. இலங்கைல இருந்து வந்த ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல, சண்டையில வீட்டுல ரெண்டு பேரை பறிகொடுத்தவங்க, கேஸ் சின்ன கேஸ்தான். மனநல ஃபார்ம்ல, கடந்த ரெண்டு வாரத்துல இது எத்தனை நாள் இருந்துச்சுன்னு ஒன்பது கேள்வி இருக்கும், பிஎச்க்யூ-9ன்னு பேரு. போன்ல இருந்த மொழிபெயர்ப்பாளர் "மனச்சோர்வு இருக்கிறதா"ன்னு சுத்தத் தமிழ்ல கேக்குறாரு, அந்தம்மா "அப்பிடி ஒண்டும் இல்லை"ன்னு சொல்றாங்க. மார்க் கம்மி, ட்ரீட்மென்ட் தேவையில்லன்னு எழுதப் போற நேரம். நான் ஆபீசர், நான் மொழிபெயர்க்கக்கூடாது, அதனால நேர்ல ஒரு ஆள் வேணும்னு தேதி வாங்கினேன். அடுத்த தடவை மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துக்காரங்க "ராவில நித்திரை எப்பிடி"ன்னு கேட்டதும் அந்தம்மா மனசுல இருந்ததைக் கொட்டிட்டாங்க, நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது, பதினைஞ்சு வருஷமா விளக்கை அணைச்சுப் படுக்கிறதில்லைன்னு. அதே ஃபார்ம், அதே ஆளு, மார்க் மூணு மடங்கு. இந்த மாதிரி ட்ரீட்மென்ட்டுக்கு வாசல்ல இருக்கிற அந்த இருபது நிமிஷ கேள்வியைப் பத்தி எந்த புள்ளிவிவரத்துலயும் இருக்காது, ஆனா யாரு உள்ள போறாங்க யாரு ஜெயிலுக்குப் போறாங்கன்னு அங்கதான் முடிவாகுது.

வேலை செய்யுதான்னா, உறுதியா சொல்லக்கூடியதை முதல்ல சொல்றேன். குறுகிய கால ஜெயில் திருத்தாது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நீதித்துறை அமைச்சகம் 2019ல ஒரு ஆய்வு போட்டுச்சு, ஒரே மாதிரி ஆட்களை ஒப்பிட்டுப் பார்த்தா, 12 மாசத்துக்குக் கீழ ஜெயிலுக்குப் போனவங்க, கோர்ட் ஆர்டர்ல வெளிய இருந்தவங்களை விட திரும்ப குற்றம் பண்றது 4 சதவீதப் புள்ளி அதிகம். மெதடோன்ல இருக்கிற வரைக்கும் ஹெராயினும் அதுக்காக திருடுறதும் குறையுதுங்கறதுக்கும் பல நாட்டுல பலமான ஆதாரம் இருக்கு. ஜெயில்ல இருந்து வெளிய வந்த முதல் ரெண்டு வாரம்தான் போதை ஆட்களுக்கு சாவு ஆபத்து உச்சம், உடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும், பழைய அளவையே ஏத்துவாங்க. 2021 வரைக்கும் கையில 46 பவுண்டு கொடுத்து வெளிய விடுவாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிய வந்தா எல்லா ஆபீசும் மூடியிருக்கும், வீடு போயிருக்கும், அந்தக் காசு எங்க போகும்னு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

சந்தேகமா இருக்கிறது இது. மனநல ட்ரீட்மென்ட் நிபந்தனை போட்ட ஆட்கள் போடாதவங்களை விட 3.5 சதவீதப் புள்ளி மாதிரி குறைவா திரும்ப குற்றம் பண்றாங்கன்னு 2018ல அதே அமைச்சகத்தோட ஒரு ஆய்வு சொல்லுச்சு. நல்ல சேதிதான், ஆனா அந்த நிபந்தனை கிடைக்கிறது யாருக்கு? சம்மதம் சொன்னவங்களுக்கு, வருவாங்கன்னு அசெஸ் பண்ணினவங்களுக்கு. ஏற்கெனவே கொஞ்சம் நல்லாயிடக்கூடிய ஆளுங்களா இருக்கலாம். ட்ரீட்மென்ட் முன்னாடியும் பின்னாடியும் ஃபார்ம் நிரப்பி மார்க் குறைஞ்சிருக்குன்னு காட்டுறாங்க, நானும் கண்ணால பார்க்கிறேன், ஆனா பாதியில விட்டுப் போனவங்க ரெண்டாவது ஃபார்ம் நிரப்புறதில்லையே. அப்புறம் அந்த சம்மதம். கீழ லாக்கப்ல உக்காந்துட்டு ஜெயிலா ட்ரீட்மென்ட்டான்னு கேட்டா யாரு வேண்டாம்னு சொல்லுவா. இது உண்மையான சம்மதமான்னு படிச்சவங்களே ரெண்டு பக்கமா நிக்கிறாங்க. நான் பார்த்த வரைக்கும், பயத்துல சரின்னு சொன்னவங்களும் நாலாவது அஞ்சாவது அமர்வுக்கு மேல தனக்காகவே வர ஆரம்பிக்கிறது உண்டு. வராமலே போறவங்களும் உண்டு. ரெண்டையும் பார்த்திருக்கேன், எது அதிகம்னு என் மேசையில வந்த கேஸை மட்டும் வச்சு சொன்னா அது நேர்மையா இருக்காது.

இப்ப அந்த "ஏற்பாடு ஆகியிருக்கணும்"ங்கற வரிக்கு வர்றேன். சட்டம் 2003ல இருந்து இருக்கு. ஆனா ரொம்ப வருஷத்துக்கு, கோர்ட் போட்ட மொத்த நிபந்தனைகள்ல மனநல ட்ரீட்மென்ட் நூத்துக்கு ஒண்ணு கூட கிடையாது. காரணம் சைக்கியாட்ரிஸ்ட் ரிப்போர்ட் வர வாரக்கணக்கா ஆகும், பணம் யாரு கொடுக்கிறதுன்னு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸும் கோர்ட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க, கடைசியில மாஜிஸ்ட்ரேட்டுக்கு காத்திருக்க முடியாது. 2017ல பர்மிங்காம், ப்ளிமத், செஃப்டன், மில்டன் கீன்ஸ், நார்தாம்ப்டன்னு அஞ்சு ஊர்ல ஆரம்பிச்சு, கோர்ட்லயே அன்னிக்கே அசெஸ் பண்ற ஏற்பாடு வந்ததுக்கப்புறம்தான் எண்ணிக்கை ஏறிச்சு. அதுக்காக சட்டத்துல ஒரு எழுத்து மாறல, ஒரு ரூமும் ஒரு நர்ஸும் ஒரு போன் நம்பரும் வந்துச்சு, அவ்வளவுதான். அந்த ஏற்பாடு இல்லாத ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், நான் வேலை பார்த்தப்ப ஏறக்குறைய அந்தப் பையோட வந்த பொண்ணு மாதிரியே ஒருத்தி. நான் ரிப்போர்ட்ல ட்ரீட்மென்ட் வேணும்னு எழுதினேன், கொடுக்க ஆள் இல்லன்னு பதில் வந்துச்சு, எட்டு வாரம் போட்டாங்க. நாலு வாரத்துல வெளிய வந்தா. வாடகை வீடு போச்சு, வீடு இல்லாததால புள்ளைங்களை திரும்பக் கொடுக்கமாட்டேன்னுட்டாங்க, புள்ளைங்க கூட இல்லாததால பெரிய வீடு தரமாட்டேன்னுட்டாங்க. புள்ளைங்க திரும்ப வர 14 மாசம் ஆச்சு. திருடினது 60 பவுண்டு சாமான்.

நான் ரொம்ப வருத்தப்படுற இன்னொரு விஷயம் இருக்கு, இதை வெளிய யாரும் அதிகமா பேசுறதில்ல. நல்ல மனசு இருக்கிற மாஜிஸ்ட்ரேட், நல்ல மனசு இருக்கிற என்னை மாதிரி ஆபீசர், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொண்ணுக்கு உதவி கிடைக்கட்டும்னு, சாதாரணமா அபராதம் போட்டு விட்டிருக்க வேண்டிய கேஸுக்கு 12 மாச ஆர்டர் போட்டுடுவோம். அவளால வர முடியாது, கைக்குழந்தை, ரெண்டு பஸ், ஒன்பதரைக்கு அப்பாயின்ட்மென்ட், எட்டு அம்பதுக்கு பெரியவனை ஸ்கூல்ல விடணும். ரெண்டு தடவை விட்டா கோர்ட். கோர்ட்ல போய் நின்னா "கொடுத்த வாய்ப்பை மதிக்கல"ன்னு எழுதுவாங்க. முதல் குற்றத்துக்கு ஜெயிலே வந்திருக்காது, ஆர்டரை மீறினதுக்கு ஜெயில் வரும். என் ஆரம்ப வருஷங்கள்ல நானே இப்படி ரெண்டு மூணு ரிப்போர்ட் எழுதியிருக்கேன், அந்த முகங்கள் ஞாபகம் இருக்கு. ஜெயிலுக்குப் பதிலா ட்ரீட்மென்ட்டுன்னா அது ஜெயில் வாசல் வரைக்கும் வந்தவங்களுக்குத்தான் இருக்கணும். அபராதத்துக்குப் பதிலா ட்ரீட்மென்ட்டுன்னு ஆக்கிட்டா நாம ஜெயிலுக்கு ஒரு புது வழி வெட்டி விடுறோம். உதவி தேவைன்னா தண்டனையோட சேர்க்காம கொடுங்க, டாக்டர்கிட்ட அனுப்புங்க, மகளிர் மையத்துக்கு அனுப்புங்க.

மகளிர் மையம்னு சொன்னேனே, அது இல்லாம இந்த ஆர்டர் எல்லாம் காகிதம்தான். பர்மிங்காம்ல அனவிம்னு ஒண்ணு இருக்கு, இன்னும் பல ஊர்ல இருக்கு. ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது, குழந்தையைப் பார்த்துக்க இடம் இருக்கும், சமையலறைல டீ எப்பவும் இருக்கும், வீட்டு வசதி ஆபீசர், கடன் ஆலோசனை, போதை நர்ஸ் எல்லாம் அங்கயே வருவாங்க. ப்ரொபேஷன் ஆபீஸ் வெயிட்டிங் ரூம்ல அவளை அடிச்சவனோட கூட்டாளி எதிர்ல உக்காந்திருப்பான், அவ எப்படி வருவா? அதனால நானே வாரத்துல ஒரு நாள் மையத்துக்குப் போய் அங்க உக்காந்து பார்ப்பேன், வராம போறது பாதியா குறைஞ்சுச்சு, என் கேஸ்ல. ஆனா இந்த மையங்களுக்கு காசு வருஷா வருஷம் வருமா வராதான்னு தொங்கும். 2014ல ப்ரொபேஷனை ரெண்டா உடைச்சு ஒரு பாதியை தனியார் கையில கொடுத்தாங்க, 2021ல திரும்ப ஒண்ணாக்கினாங்க, நடுவுல ஏழு வருஷத்துல மையங்களோட இருந்த தொடர்பு பல ஊர்ல அறுந்து போச்சு. பெண்கள் ஜெயில்ல ஒரு இடத்துக்கு வருஷத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல செலவாகுது, அதுக்கு யாரும் வருஷா வருஷம் விண்ணப்பம் போட வேண்டியதில்ல. 2023ல பர்மிங்காம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பெண்களுக்குன்னு ஒரு தீவிர கண்காணிப்பு கோர்ட் சோதனை முறையில ஆரம்பிச்சாங்க, அதே நீதிபதி திரும்பத் திரும்ப கூப்பிட்டு எப்படிப் போகுதுன்னு கேப்பாரு. ஒரு நீதிபதி தன் பேரை ஞாபகம் வச்சு "போன மாசத்தை விட நல்லா இருக்கீங்க"ன்னு சொல்றது, வாழ்க்கைல யாருமே அப்படி சொல்லாதவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பார்த்தாத்தான் தெரியும். 2025ல முன்னாள் நீதித்துறை அமைச்சர் டேவிட் காக் தலைமைல வந்த தண்டனை மறு ஆய்வும் 12 மாசத்துக்குக் கீழ ஜெயில் விதிவிலக்காத்தான் இருக்கணும்னு சொல்லியிருக்கு.

ஆனா எல்லாருக்கும் இது பொருந்தாது. கொலை, கடுமையான வன்முறை, குழந்தைங்களை துன்புறுத்துறது, இதுல ஜெயில் தேவைப்படுற பெண்கள் இருக்காங்க, நானே ரிப்போர்ட்ல ஜெயில்னு எழுதியிருக்கேன். பாதிக்கப்பட்டவங்களும் இருக்காங்க. கடையில வேலை பார்க்கிற பொண்ணு வாரா வாரம் அதே ஆளு திருடுறதைப் பார்த்து பயந்து நிக்கிறா, அவகிட்ட போய் இது வைத்தியம்னு மட்டும் சொன்னா போதாது.

நம்ம ஊர்ல முடியுமான்னா, சட்டத்துல ஏற்கெனவே இருக்குங்கறதுதான் பலருக்கு ஆச்சரியமா இருக்கும். போதைப் பொருள் தடுப்புக்கான 1985 என்டிபிஎஸ் சட்டம் 39வது பிரிவைப் பாருங்க, போதைக்கு அடிமையான ஒருத்தர் சின்ன அளவு வச்சிருந்த கேஸ்ல குற்றவாளின்னு ஆனா, அவரோட சம்மதத்தோட, உடனே ஜெயில் போடாம, அரசு நடத்துற இல்லன்னா அங்கீகரிச்ச இடத்துல ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பலாம், ஒரு வருஷத்துக்குள்ள ரிப்போர்ட் கொடுக்கணும். 1958 நன்னடத்தைச் சட்டம் 4வது பிரிவுல கண்காணிப்பு ஆர்டர் போடலாம், போதைப் பொருள் தொடக்கூடாதுன்னு நிபந்தனை கூட சேர்க்கலாம். 2024 ஜூலை 1ல இருந்து, ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல சமூக சேவை ஒரு தண்டனையா வந்திருக்கு, ஆனா அது சில சின்ன குற்றத்துக்கு மட்டும், அதுல ட்ரீட்மென்ட் கிடையாது, பொது இடத்துல குடிச்சுட்டு ரகளை பண்ணினவரை சேவை பண்ணச் சொல்லலாம், குடிக்கு வைத்தியம் பாருன்னு அந்தப் பிரிவு சொல்லல. அதைவிட பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. இந்திய ஜெயில்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க, தண்டனையே இன்னும் சொல்லல. புழல்லயோ திருச்சிலயோ இருக்கிற பொண்ணுக்கு தண்டனைக்கு மாற்று என்னன்னு பேசுற நாள் வர்றதுக்குள்ள அவ உள்ள இருந்த காலமே தண்டனை அளவு ஆகியிருக்கும், ஆறு வயசு வரைக்கும் புள்ளையும் கூடவே உள்ள. இங்க பதினெட்டு மாசம் வரைக்கும்தான் கைக்குழந்தையை உள்ள விடுவாங்க, அதுவும் தனிப் பகுதில. அதனால அங்க இந்த யோசனையை தண்டனை நாள்ல ஆரம்பிக்காம ஜாமீன் நாள்லயே ஆரம்பிக்கணும்ங்கறது என் கருத்து, ரிமாண்ட் பண்ற மாஜிஸ்ட்ரேட் முன்னாடி அந்த இருபது நிமிஷ கேள்வி கேக்க ஒரு ஆளு வேணும்.

நீங்க சட்டம் படிக்கிறதால ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க மாவட்டத்துல நன்னடத்தை அலுவலர் ஆபீஸ் எங்க இருக்குன்னு தேடிப் போங்க. போன வருஷம் கோர்ட் எத்தனை ரிப்போர்ட் கேட்டுச்சு, அதுல பெண்கள் எத்தனை பேர், 39வது பிரிவை யாராவது வக்கீல் கேட்டிருக்காங்களான்னு விசாரிங்க. முடிஞ்சா ஒரு நாள் முழுக்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வராண்டால உக்காருங்க, பை கட்டிட்டு வந்திருக்கிறவங்க யாருன்னு பாருங்க. தெரிஞ்சதை இங்கயே எழுதுங்க, நான் படிக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.